கழுத்தில்லாத விமானி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றாலே வேணிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜோன்ஸ் முகத்தில் விழிக்க வேண்டுமே! பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், செருப்புக் கடை மாடியில் இருக்கிறது அந்த கேமிங் சென்டர். அங்கே ஆறு பேர் சேர்ந்து ஆன்லைனில் விமானச் சண்டை ஆடுகிறார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், திரையில் ஆளுக்கொரு பழைய போர் விமானம். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கும் ஜோன்ஸ்தான் கேப்டன். அந்தப் பதவியை அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

வேணி ஓட்டுவது குண்டு போடும் விமானம், அதிலும் முதல் விமானம். பின்னால் வரும் இரண்டு பேரும் அவள் குண்டை விடுவதைப் பார்த்துத்தான் தங்கள் குண்டை விடுவார்கள். அவள் கொஞ்சம் ஆடினாலும் மூன்று பேர் குண்டும் வீண். அதனால் குறியைப் பிடித்துவிட்டால் நேரே போக வேண்டும். சுட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும், வைதால் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருக்கிறவளுக்கு இரண்டாவது வித்தையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

போன வாரம்தான் சறுக்கிவிட்டாள். குறியை நெருங்கும் நேரத்தில் பின்னால் வந்த இருவரில் ஒருவனான பெர்லினை எதிரிகள் மொய்த்துவிட்டார்கள். மனசு கேட்காமல் விமானத்தைத் திருப்பி, தன் விமானத்துத் துப்பாக்கிகளால் அவர்களைச் சுட்டு விரட்டினாள். பெர்லின் பிழைத்தான். குண்டெல்லாம் ஆற்றில் விழுந்தது, ஆட்டமும் போச்சு.

“ஏட்டி, இரக்கப்படணும்னா மாதா கோயில் வாசல்ல போயி உக்காரு,” என்றான் ஜோன்ஸ், எல்லாருக்கும் கேட்கும்படி. “குண்டு விமானம் ஓட்டுத ஆளுக்குக் கழுத்தே இருக்கக் கூடாது. பக்கத்துல எவன் செத்தாலும் திரும்பக் கூடாது. இன்னொரு தரம் திருப்புன, அங்கன என் மச்சான் உக்காருவான். பாத்துக்கோ.”

மற்றவர்கள் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் காப்பாற்றிய பெர்லின்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். வைதது வலிக்கவில்லை, அந்தக் குனிந்த தலைதான் வலித்தது. அந்த இருக்கைக்காக ஆபீஸ் முடிந்து வந்து எத்தனை சாயங்காலம் பழகியிருப்பாள். சம்பளத்தைக்கூட விட்டுக்கொடுப்பாள், அந்த இடத்தை விட மாட்டாள்.

இந்த வாரம் கோயம்புத்தூர் அணி. வேணிக்கு மேலே காவலாகப் பறக்க வேண்டியவன் ஜோன்ஸ். ஒதுங்கிப் போன எதிரி விமானம் ஒன்று கண்ணில் பட்டதும், அதை வீழ்த்திப் பெயர் வாங்கப் பறந்துவிட்டான். இந்தத் தொடரில் அவன் ஒரு தடவைகூட விழவில்லை; அந்தப் பெருமையைச் சொல்லியே எல்லார் காதையும் புண்ணாக்கியிருந்தான். விழுந்தவர் தொடர் முடியும்வரை வெளியே இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. கேப்டனுக்கும் அதேதான்.

காவல் இல்லாத வேணியைச் சுட்டார்கள். இடது எஞ்சின் புகைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேரே போனாள். தகர்க்க வேண்டிய பாலம் குறிக்குள் வந்தது. குண்டை விட்டாள், பின்னால் இருந்த இருவரும் விட்டார்கள். பாலம் இரண்டாகப் பிளந்தது.

அப்போது ஹெட்செட்டில் ஜோன்ஸின் குரல் கேட்டது. “வேணி, ரெண்டு பேரு என் வாலப் பிடிச்சிட்டானுவ. ஒன் பக்கந்தான் வாரேன். இடப்பக்கம் பைய திருப்பு, ஒன் துப்பாக்கிக்கு நேரா வருவானுவ.”

ஏட்டி போய் வேணி ஆகிவிட்டாள் என்பதை அவள் கவனித்தாள். குண்டு போட்டாகிவிட்டது. இனித் திரும்பினால் எந்த நஷ்டமும் இல்லை. ஜாய்ஸ்டிக்கை ஒரு விரல் அளவு சாய்த்தால் போதும்.

“வேணிம்மா, திருப்பும்மா.”

அவள் கை அசையவில்லை. அவளுக்குப் பக்கத்திலேயே ஜோன்ஸின் விமானம் தீப்பிடித்து விழுந்தது. மனசுக்குள் ஜில்லென்று இருந்தது, அதை அவள் மறைக்கவும் விரும்பவில்லை.

ஜோன்ஸ் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். “குண்டுதான் போட்டாச்சே. பெறகு திரும்புனா என்ன கொறஞ்சி போவுது?”

“கழுத்தே இருக்கக் கூடாதுன்னு சொன்னிய.”

“வேணும்னுதான செஞ்ச?”

“ஆமா.”

அப்படியொரு பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. நியாயம் கேட்கிறவன் மாதிரி பெர்லினைப் பார்த்தான். பெர்லின் போன வாரம் குனிந்த அதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒன்ன இனிமே இங்கன உக்கார விடுதனான்னு பாரு.”

“நீங்க விழுந்துட்டிய,” என்றாள் வேணி. “வெளிய போயி நில்லுங்க. நான் இன்னும் இத எறக்கணும்.”

ஒற்றை எஞ்சினோடு விமானம் இடப்பக்கமே இழுத்தது. அவள் அதை நேராகப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையைத் தேடினாள். பின்னால் கதவு படாரென்று சாத்தப்பட்டது. அவள் பார்வை திரையைவிட்டு நகரவில்லை.