பேயாண்டி பேசாத சனிக்கிழமை

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று பேயாண்டி கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டிருந்தார். "எழுதிக் காட்டினாலும் அது பேச்சுத்தேன்" என்று அவர் மனைவி பாண்டீஸ்வரி அதையும் அடைத்துவிட்டாள்.

காரணம், மகள் ஆர்த்திகாவின் கல்யாணம். பேயாண்டி தல்லாகுளம் பக்கத்துக் கோர்ட்டு ஒன்றில் டவாலி. அறைக்கு வெளியே நின்று வழக்குக்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். அந்தக் குரல் ரோட்டோர டீக்கடைவரை கேட்கும். முப்பது வருடம் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாய்க்குள் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதராகிவிட்டார். முதலில் வந்த சம்பந்தத்தில், மாப்பிள்ளையின் மாமாவிடம் கேசரித் தட்டை நீட்டும்போது, "உங்க பேரை நான் வாராவாரம் கூப்பிடுறேன். நீங்கதேன் உள்ள வரவே மாட்டேங்கிறீக" என்றார். அவர்கள் கேசரியைத் தொடாமலே எழுந்துபோனார்கள். இரண்டாவது, மாப்பிள்ளைக்கு அது சொந்த முடிதானா என்று கேட்டதில் போயிற்று.

ஆர்த்திகா அழவில்லை. "அடுத்த தடவை நீங்க ஊர்ல இருக்காதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அது அவரைச் சுட்டது.

மூன்றாவதாக வந்திருப்பது செக்கானூரணி முத்திருளன் மகன் அழகுராஜா. பையனும் பெண்ணும் இரண்டு முறை போனில் பேசியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஆர்த்திகா வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள். ஒரே ஒரு சிக்கல். அவள் பசுமலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு விடுவார்களா என்று கேட்டால், தரகர் "அதெல்லாம் பேசிக்கிருவோம்" என்று நழுவினார். வேலையை விடச் சொன்னால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று ஆர்த்திகா சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

'என் வாயை உங்கிட்ட ஒப்படைச்சுட்டேன் அழகரே. இன்னைக்கு ஒரு நாள் நீ வச்சிரு. நாளைக்கு அளவாத் திருப்பிக் குடு' என்று வெள்ளிக்கிழமை இரவே வேண்டிக்கொண்டு படுத்தார்.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டார் ஒரு முறை உறுமிவிட்டு நின்றது. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லி மனைவி முன்னால் போய்க் கையைச் சுழற்றிக் காட்டினார். அவள் காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். ஒன்பது மணிக்குப் பால் திரிந்தது. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி தன் காரை இவர் வாசலை மறித்து நிறுத்தினார். பேயாண்டி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னண்ணே, குரலைக் கோர்ட்லயே பூட்டி வச்சுட்டு வந்துட்டீகளா? விளாங்குடியே அமைதியாக் கெடக்கு!"

பேயாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் அழகர் படத்தைப் பார்த்தார். இன்றைக்குப் பொறுப்பு அவருடையது. தான் கவலைப்படுவது ஒப்படைத்ததைத் திருப்பிப் பிடுங்குவது போலாகும் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பாண்டீஸ்வரியும் ஆர்த்திகாவும் பெருமாள் கோயிலுக்குப் போன பிறகு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் முத்திருளனும் அவர் மனைவியும். தரகர் அனுப்பிய போட்டோவில் பார்த்த முகங்கள்தான்.

"நாளைக்கு அஷ்டமியாம் மச்சான். காலண்டரை இன்னைக்குத்தேன் பார்த்தோம். அதான் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டோம்."

'வாங்க' என்றுகூடச் சொல்ல முடியாமல் பேயாண்டி கும்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். செம்பில் தண்ணீர் வைத்தார். அடுப்படிக்குள் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க? பேசுங்க... ஓ, இன்னைக்குப் பேச மாட்டீகள்ல. கை பட்டு அடிச்சிருச்சாக்கும்" என்று அவள் வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லை. வந்து எதிரே உட்கார்ந்தார்.

"வெயிலு இன்னும் குறையலை" என்றார் முத்திருளன்.

பேயாண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ல நல்ல கூட்டம்."

பேயாண்டி அசையவில்லை. காப்பிக்குப் பால் இல்லையே என்பதுதான் அவர் மனதில் ஓடியது. முத்திருளன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். "முழுசாச் சொல்லிருங்க."

"மச்சான், நீங்க கண்டுபிடிச்சுட்டீகன்னு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. அஷ்டமின்னு சும்மா சொன்னேன். நீங்க கோர்ட்ல டவாலின்னு நேத்துத்தேன் தரகர் சொன்னாரு. ராத்திரி தூக்கமில்லை. மூணு வருசத்துக்கு முன்னாடி எம் பேரை மூணு தடவை கூப்பிட்டீக. நான் மரத்துக்குப் பின்னால நின்னேன். உள்ள வரலை."

பேயாண்டிக்கு எதுவும் நினைவில்லை. கூப்பிடும்போது அவர் காகிதத்தைத்தான் பார்ப்பார். 'உங்களை நான் பார்த்ததே இல்லையே!' என்ற வார்த்தை தொண்டைவரை வந்து முட்டியது. உதட்டை இறுக்கிக்கொண்டார். அந்த இறுக்கத்தைக் கண்டு முத்திருளன் தலையைக் குனிந்தார்.

"மூத்த மருமக போட்ட கேசு. அவ நர்ஸு. வேலைக்குப் போகக் கூடாதுன்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். கை நீட்டலை. ஆனா பேசுன பேச்சு கொஞ்ச நஞ்சமில்லை. பெறகு நானே அவ அப்பன் வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டு, கூட்டியாந்தேன். இப்ப மகனும் அவளும் தனிக்குடித்தனம் இருக்காக, அவ வேலைக்கும் போறா. பேரன் எங்ககிட்டதேன் வளர்றான். இதையெல்லாம் மறைக்கச் சொன்னது நான்தேன். வேலை விசயத்தைப் பேசுனா இதும் வெளிய வந்துரும்னுதேன் நழுவுனோம். உங்க பொண்ணு தாராளமா வேலைக்குப் போகட்டும் மச்சான்."

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. பாண்டீஸ்வரி வாயில் கை வைத்து நின்றாள். ஆர்த்திகா உள்ளே வந்து கும்பிட்டாள். கடைசி இரண்டு மூன்று வார்த்தைகள் அவள் காதிலும் விழுந்திருந்தன. முத்திருளன் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். இந்த முறை அவ்வளவு வியர்க்கவில்லை.

"அந்த அக்கா நம்பர் குடுங்க மாமா. நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்" என்றாள் ஆர்த்திகா.

முத்திருளன் தயங்கவில்லை. நம்பரைக் கொடுத்தார். அவள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி விளக்கேற்றினாள். பேயாண்டி பேசலாம். ஆனாலும் பேசாமல் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இவரு விரதம்ணே, விடிஞ்சதிலேர்ந்து வாயைத் தெறக்கலை" என்று பாண்டீஸ்வரி இப்போதுதான் விளக்கினாள். முத்திருளனின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. ஆர்த்திகா அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவள் கன்னம் சிவந்திருந்தது. "மாமா கோவக்காரரு, ஆனா சொன்னாச் சொன்னதுதான்னாங்க. கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போடுறாங்களாம்."

பேயாண்டி எழுந்து அழகர் படத்தைக் கும்பிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பகல் முழுக்கச் சேர்த்து வைத்த குரலில் கூப்பிட்டார்.

"முத்திருளன்... முத்திருளன்... முத்திருளன்!"

"அய்யோ, ஆரம்பிச்சுட்டாரு" என்று பாண்டீஸ்வரி தலையில் கை வைத்தாள். அடுத்த வீட்டில் ஆண்டிச்சாமி காரை அவசரமாக நகர்த்தும் சத்தம் கேட்டது.

முத்திருளன் எழுந்து நின்றார். துண்டைத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

"ஆஜர், மச்சான்."