கழற்றி வைத்த கதவு

கதவின் மேல் கீலிலிருந்த ஆணி மட்டும் வர மறுத்தது. அவள் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆணித் தலைக்குக் கீழே கொடுத்துச் சுத்தியலால் தட்டினாள்.

"அடிக்காத. எண்ணெய் விடு," என்றார் அப்பா, கட்டிலில் படுத்தபடியே. "கீல்கிட்ட கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?"

தையல் மிஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுக் காத்திருந்தாள். ஆணி வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மா மறுபக்கம் பிடிக்க, இருவரும் கதவைக் கூடத்துக்குத் தூக்கிப்போய் இரண்டு மரப்பெட்டிகளின் மேல் கிடத்தினார்கள். மேலே வெள்ளைத் துணியை விரித்தார்கள்.

இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை வாங்கியதே இல்லை. ஒவ்வொரு வருடமும் இலையுதிர்கால விடுமுறையில் நெருங்கியவர்களைச் சாப்பிடக் கூப்பிடும்போது படுக்கையறைக் கதவுதான் மேஜை. "வருஷத்துல ஒரு நாளாவது கதவும் படுத்துக்கட்டுமே" என்பது அப்பாவின் பழைய ஜோக். லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வருடம் கதவுகளோடு மல்லுக்கட்டியவர்.

கழற்றிய மூன்று ஆணிகளும் விருந்து முடியும்வரை அவருடைய சட்டைப் பையில் இருக்க வேண்டும். முன்பு ஒருமுறை மேல் ஆணி தொலைந்து, குப்பைத் தொட்டிவரை கிளறியும் கிடைக்காமல், வேலை செய்த இடத்திலிருந்து தடிமனான ஒன்றைக் கொண்டுவந்து கீலை அரத்தால் ராவிப் பொருத்தினார். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. அவள் மூன்றையும் துடைத்துக் கொடுத்தாள். அவர் எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கே மூச்சு வாங்கியது.

"பெரியவன் எத்தனை மணிக்கு வர்றான்?"

"அஞ்சு மணி வாக்குல வந்துடுவான்ப்பா."

காலையிலிருந்து நான்காவது தடவை.

அண்ணன் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அப்பாவின் கம்பெனியிலேயே சேர்ந்து, எட்டே மாதத்தில் விட்டுவிட்டுப் போனவன். இனிமேல் இந்தப் படி ஏறாதே என்று அன்று அப்பா வாசலில் நின்று சொன்னதை இருவருமே பிடித்துக்கொண்டிருந்தார்கள். போன வாரம் அப்பாதான் இறங்கி வந்தார்.

"அவனைக் கூப்பிடு. ஆனா எனக்கு முடியலன்னு சொல்லாத. சாப்பாட்டுக்குன்னு சொல்லு. பாவம் பார்த்து யாரும் என்னைப் பார்க்க வர வேணாம்."

"அப்பா, ரிப்போர்ட்ல..."

"ரிப்போர்ட் உன்னோட டிபார்ட்மென்ட். சாப்பாடு என்னோடது."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவருடைய ரத்தத்தை அவளே சோதித்திருந்தாள். எண்களைப் பார்த்ததும் இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். அதே எண்கள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்னபோது அம்மா அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டாள்.

இரண்டரை மணிக்கு அப்பாவின் மூச்சு மாறியது. நீளமாக இழுத்தார். நின்றது. மறுபடி இழுத்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நடுவே ஒன்பது விநாடி. சமையலறைக்குப் போய் அண்ணனுக்கு போன் செய்தாள்.

"கிளம்பிட்டியாண்ணா?"

"மூணு மணி பஸ்ஸுக்கு வந்து நிக்கிறேன். ஏய், அவருக்கு அந்த ஆரஞ்சு கேக் பிடிக்கும்ல? கடை திறக்க மூணேகால் ஆகுமாம். அடுத்த பஸ்ல வரட்டுமா? வெறுங்கையோட எப்படி வந்து நிக்கிறது. அவசரம் ஒண்ணும் இல்லையே?"

கதவு இல்லாததால் அங்கிருந்தே கட்டில் தெரிந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மெல்ல இடமும் வலமுமாக அசைத்தார்.

"இல்ல," என்றாள். "மெதுவாவே வா."

"சும்மா சாப்பாடுதானே?"

"சும்மா சாப்பாடுதான்."

நாலரைக்குப் பெரிய அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. செருப்பில் ஒட்டியிருந்த ஈர இலைகளை வாசலில் தேய்த்துக்கொண்டே குரல் கொடுத்தாள். "ஏன்டா, ராஜா மாதிரி படுத்துக்கிட்டு எல்லாரையும் வேலை வாங்குறியா?"

"வா. உனக்கும் வேலை வெச்சிருக்கேன்," என்றார் அப்பா. குரல் வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

பின்னாலேயே ஆறாம் மாடி வந்தார். அப்பாவிடம் தொழில் கற்றவர். பழுது பார்க்கப் போன லிஃப்டிலேயே ஆறாம் மாடிக்குக் கீழே மாட்டிக்கொண்டதால் வந்த பெயர்.

ஐந்து பத்துக்குத் தெருமுனையில் பஸ் வந்து நின்று போனது. அப்பா கையசைத்து அவளைக் கூப்பிட்டார். குனிந்து காதைக் கொடுத்தாள்.

"பஸ் சத்தம் கேட்டுச்சே."

"அது வேற பஸ்ப்பா."

அவர் பைக்குள் விரலை விட்டு ஆணிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பெரியவன் வந்ததும் சாப்பிடலாம், அதுவரை சூப் குடியுங்கள் என்று அம்மா கிண்ணங்களை வைத்தாள். ஆறாம் மாடி வழக்கமான கதையை ஆரம்பித்தார்.

"நாலு மணி நேரம் உள்ள கிடக்கிறேன். வெளிய இருந்து அண்ணன், பசிக்குதாடாங்கிறாரு. ஆமாண்ணேங்கிறேன். கதவு இடுக்கு வழியா பிஸ்கட்டைத் தள்ளுறாரு. ஒண்ணு. ரெண்டு..."

அவள் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்து. முப்பது. நாற்பத்தைந்து. அறுபதுக்கு மேல் எண்ணவில்லை. எழுந்துபோய், கதவு இருந்த இடத்தில் கூடத்தைப் பார்த்து நின்றாள்.

"பதினோரு பிஸ்கட் வந்துச்சு. பாக்கெட்ல பன்னெண்டு. மிச்சம் ஒண்ணு எங்கண்ணேன்னு கேட்டா, கதவைத் திறக்கிற கூலிங்கிறாரு!"

அத்தை சிரித்ததில் ஸ்பூன் கீழே விழுந்தது. அம்மாவும் சிரித்தபடியே ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி கதவு மாதிரி நிக்கிற? நகரு. அவருக்கும் ரெண்டு ஸ்பூன் குடுக்கலாம்."

அவள் நகரவில்லை. அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போலச் சுற்றிலும் பார்த்தாள்.

"பெரியவன் வரட்டும்னாரே," என்றாள்.

ஆறே முக்காலுக்கு அண்ணன் வந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான். கையில் கேக் பெட்டி. "ரொம்ப லேட்டாயிடுச்சா? கடைக்காரன் இருக்கானே..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன், ஆறிப்போன கிண்ணங்களைப் பார்த்தான். அத்தையின் தலைவிரிகோலத்தைப் பார்த்தான்.

"எப்ப?"

"அஞ்சே முக்கால்."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். விட்டுவிட்ட மூணு மணி பஸ் இங்கே எத்தனை மணிக்கு வந்திருக்கும் என்பது அவனுக்கும் தெரியும். அவன் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேக் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "யாராவது அந்தக் கதவை மாட்டுங்க. ஆளுங்க வர ஆரம்பிச்சிடுவாங்க. அவனுக்குத் துணி மாத்தணும், இப்படித் திறந்து போட்டா எப்படி?"

கிண்ணங்களை எடுத்தார்கள். துணியை மடித்தார்கள். ஆறாம் மாடியும் அவளும் கதவைத் தூக்கி வந்து நிலையில் நிறுத்தினார்கள். அண்ணன் அப்பாவின் சட்டைப் பைக்குள் கைவிட்டான். இரண்டு ஆணிகள்தான் இருந்தன. மூன்றாவது, தடிமனானது, மூடிய வலது கைக்குள் இருந்தது. அண்ணன் அந்த விரல்களின் மேல் கையை வைத்தான். பிரிக்கவில்லை.

நடுக் கீலிலும் கீழ்க் கீலிலும் ஆணியை இறக்கினார்கள். மேலே பிடிப்பில்லாமல் கதவு முன்னால் சாய்ந்து, தரையில் உரசி, பாதியில் நின்றது. அண்ணன் மேல் ஓரத்தைப் பிடித்து நிமிர்த்தி நிலையோடு அழுத்திக்கொண்டான். இப்போது சாத்த முடிந்தது. உள்ளே அம்மாவும் அத்தையும் துணி மாற்றும் சத்தம் கேட்டது.

"கை வலிக்கும்ணா. கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன்."

"பரவாயில்ல," என்றான், அவளைப் பார்க்காமல். "அவசரம் ஒண்ணும் இல்ல."

அவன் விரல்களுக்குப் பக்கத்தில் மேல் கீல் காலியாக இருந்தது. காலையில் விட்ட எண்ணெய் அதில் இன்னும் காயவில்லை.