பாபின் தீரும் வரை

திருவூடல் தெருவில் டெய்லர் வேடியப்பனுக்குத் துணி கொடுக்காத பெண்கள் கம்மி. கை அப்படி. அவர் தைத்த ஜாக்கெட் தோளில் உட்காருகிற மாதிரி வேறு யார் தைத்தாலும் உட்காராது. ஆனால் கொடுத்த துணியைத் திரும்ப வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். "நாளைக்கு வாங்கம்மா" என்பார். மறுநாள் போனால் நூல் கலர் சேரவில்லை என்பார். அதற்கு மறுநாள் கரண்ட் இல்லை என்பார். மிஷினோ காலால் மிதிக்கிற மிஷின்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதம், குசுமாவதிக்குப் பொறுமை போய்விட்டது. அவள் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஜூனியர் அசிஸ்டென்ட். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஜைனக் குடும்பம். தங்கை கனகலதாவுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாண ஜாக்கெட்டுகள் எல்லாம் வேடியப்பனிடம் வெறும் துணியாகவே கிடந்தன. ஒரு நாள் லீவு போட்டாள். காலையில் கடை திறந்ததுமே போய், கல்லாப் பக்கம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா, நாளைக்கு வர சொன்னேனே?"

"தைச்சு முடிங்கண்ணா. அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

வேடியப்பன் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். டீ குடித்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார். "டீ இங்கயே வரும்" என்றாள். பக்கத்து வாடகை சைக்கிள் கடை கண்ணாயிரத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார். கண்ணாயிரத்தையே இங்கே கூப்பிட்டாள். வேறு வழியில்லாமல் டெய்லர் மிஷினில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தார். மழை, மாப்பிள்ளை வீடு, விலைவாசி. பேசும்போது அவர் கால் நின்றுவிடும்.

"பேசாதீங்கண்ணா. அடியில இருக்குதே பாபின், அதுல நூல் தீரட்டும். தீர்ந்ததும் மறுபடி சுத்துவீங்க இல்ல, அப்ப பேசிக்கலாம்."

தான் கண்டிப்பானவள் என்று காட்டிக்கொள்ள அவளுக்குக் கையில் ஏதாவது வேண்டியிருந்தது. பையில் துறைத் தேர்வுப் புத்தகம் கிடந்தது. பிரமோஷனுக்கு அந்தத் தேர்வு எழுத வேண்டும். வருஷா வருஷம் பணம் கட்டுவாள், படிக்க மாட்டாள். புத்தகத்தை விரித்தால் உடனே வீட்டில் பருப்பு டப்பா துடைக்க வேண்டும் என்று தோன்றும். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவளுக்கு மேலே உட்கார்ந்திருந்தார்கள். கணவன் சாந்திகுமாரோ, "படிக்கலன்னா போவுது விடு குசுமா" என்று தட்டிக்கொடுப்பான். அதுதான் அவளுக்கு ஜாஸ்தி எரிச்சல்.

புத்தகத்தைப் பிரித்தாள். மிஷின் கடகடவென்று ஓடியது. ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். நிமிர்ந்தால் டெய்லர் முதுகு குனிந்திருந்தது. அவர் ஓரக்கண்ணால் பார்த்தால் இவள் தலை குனிந்திருந்தது. யார் முதலில் எழுந்தாலும் மானம் போய்விடும் போல இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பாபின் தீர்ந்ததும் இருவரும் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தார்கள். நூல் சுற்றியானதும் மறுபடி குனிந்துகொண்டார்கள்.

மத்தியானம் ஜாக்கெட்டுகள் மடித்து வைக்கப்பட்டபோது குசுமாவதி அவற்றைப் பார்க்கவேயில்லை.

"அண்ணா! ரெண்டு பாடம் முடிச்சிட்டேன்!"

"நான் மொத்தத்தையும் முடிச்சிட்டேம்மா!" வேடியப்பன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இன்னாவோ ஆயிடுச்சு."

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முடிந்த வாரமே, காலையில் ஆபீசுக்குப் போகும் முன்பு, குசுமாவதி கடை வாசலில் வந்து நின்றாள். கடை பூட்டியிருந்தது. வேடியப்பன் சாவகாசமாகப் பத்து மணிக்கு வருகிறவர். அவள் நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி ஜோதியம்மாள் கதவைத் திறந்தாள்.

"எந்தத் துணிம்மா பாக்கி?"

"துணியெல்லாம் வந்திடுச்சுக்கா. நான் படிக்கணும். அண்ணன் மிஷின் ஓட்டணும்."

ஜோதியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பல்குச்சியும் கையுமாக இருந்த புருஷன் அதைக் கேட்டதும் வாயைக் கொப்பளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து, "ஐயோ, இவரா!" என்று வாயில் கைவைத்தாள். அன்றைக்கு இட்லி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற சாக்கில் வேவு பார்க்க வந்தாள். ஒருத்தர் தைத்துக்கொண்டிருந்தார், ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். இவள் வாயைத் திறந்தாள். இருவரும் ஒரே சமயத்தில், "உஷ்! பாபின் தீரல" என்றார்கள். ஜோதியம்மாள் இட்லித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தபடி, நூல் தீரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

தினமும் காலையில் கடை திறந்தது. விஷயம் தெருவில் பரவிற்று. முதலில் கண்ணாயிரம், மாசக்கணக்கில் மூலையில் குவித்து வைத்திருந்த பஞ்சர் டியூப்களை அள்ளிக்கொண்டு வந்து பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார். அடுத்தது எதிர்வீட்டு ஆதிலட்சுமி. கொட்டை எடுக்காத புளியை ஒரு கூடை நிறைய வைத்துக்கொண்டு கோடையிலிருந்து நாள் கடத்திக்கொண்டிருந்தவள். பிறகு ரிட்டயர்டு வாத்தியார் இராமலிங்கம். ஊர்ச் சரித்திரம் எழுதப்போவதாகப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னுரை மட்டும் ஆகியிருந்தது. பெஞ்சு போதாமல் சைக்கிள் கடையிலிருந்து இன்னொன்று வந்தது.

மிஷின் ஓடும்போது கடையில் ஊசி விழுந்தால் கேட்கும். பாபின் தீர்ந்ததோ, சந்தைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், டீ வரும், ஆதிலட்சுமி புளியங்கொட்டையால் வாத்தியாரை அடிப்பாள். "யோவ், நூலைக் கம்மியா சுத்துய்யா" என்று கண்ணாயிரம் கெஞ்சுவார். "ஜாஸ்தியா சுத்துங்கண்ணா, நான் பாதிப் பாடத்துல நிக்கிறேன்" என்று குசுமாவதி சண்டைக்கு வருவாள். ஆபீசுக்கு நேரமாகி அவள் எழுந்ததும் சபை கலையும். ஆனால் வேடியப்பன் கால் அதற்குப் பிறகும் நிற்காது. பழகிவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு ஊரே ஆச்சரியப்பட்டது. எப்போதும் தீபாவளியன்று காலையில் டெய்லர் கடை வாசலில் எண்ணெய்த் தலையோடு பெண்கள் கூச்சல் போடுவார்கள். இந்த முறை முதல் நாள் மத்தியானமே துணி எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. சண்டைக்குத் தயாராக வந்த ஒரு அம்மாள், ஜாக்கெட் கைக்கு வந்ததும், "உடம்பு கிடம்பு சரியில்லையாய்யா?" என்று விசாரித்தாள். வேலை முடிந்த வேடியப்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைத்தெருவில் மாப்பிள்ளை மாதிரி மேலும் கீழும் நடந்தார்.

கார்த்திகை தீபம் முடிந்து, மலை உச்சியிலிருந்து தீபக் கொப்பரையை இறக்கினார்கள். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அப்போதுதான் குசுமாவதி வராமல் போனாள். முதல் நாள் தலைவலி என்று சொல்லியனுப்பினாள். மறுநாள் விருந்தாளி. அதற்கு மறுநாள், "நாளைக்கு வரேன்னு சொல்லச் சொன்னாங்க" என்று சேதி வந்தது.

வேடியப்பன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நாளைக்கா? அந்த வார்த்தை எனக்கு நல்லா தெரியும். அந்தம்மாவுக்கு பயம் வந்திடுச்சு. கண்ணாயிரம், மூணு சக்கர வண்டி கெடைக்குமா?"

மிஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். முன்னால் கண்ணாயிரம் மிதித்தார். மிஷினைப் பிடித்துக்கொண்டு வேடியப்பன், பின்னால் புளிக்கூடையோடு ஆதிலட்சுமி, காகிதக் கட்டோடு வாத்தியார், டிபன் தூக்கோடு ஜோதியம்மாள். தேரடி வழியாகப் போனபோது பூக்காரி, "சீர்வரிசையா? பொண்ணு யாரு?" என்று கேட்டாள். "பொண்ணு ஆபீஸ்ல வேலை செய்யுது" என்றார் கண்ணாயிரம். ஆசிரமத்துப் பக்கமிருந்து வந்த வெள்ளைக்காரி ஒருத்தி கும்பிட்டுவிட்டுப் போட்டோ எடுத்தாள். வாத்தியார் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் சம்பந்தமில்லாத நாலைந்து பேர் கல்யாணச் சாப்பாடு கிடைக்கும் என்று கூடவே நடந்தார்கள்.

வேங்கிக்காலில் குசுமாவதி வீட்டில் சாந்திகுமார் கதவைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினான்.

"இன்னா டெய்லரே இது?"

"கடையை மாத்திட்டேன் சார். கொஞ்சம் நகருங்க."

குசுமாவதி சமையலறையில், ஏற்கெனவே பளபளத்த பித்தளைக் குடத்தை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் மிஷின் இறங்குகிற சத்தம் கேட்டுப் புளிக்கையோடு வெளியே வந்தாள்.

"அண்ணா, எனக்கு ஒண்ணும் ஞாபகம் நிக்கல. எழுதினா ஃபெயில்தான். அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"ஃபெயில் ஆனா ஆவட்டும்மா. நான் வெட்டினதுல எத்தனை துணி கெட்டுப் போச்சு தெரியுமா? நாளைக்கு, நாளைக்குன்னு நான் சொன்னதெல்லாம் சோம்பேறித்தனம்னு ஊரு நெனச்சுது. துணியில கத்தரி வைக்க எனக்கு பயம். உள்ள பயம், வெளிய வாய்ப்பேச்சு. நீங்க வந்து உக்காந்தப்புறம் பயம் போவல. ஆனா பயத்தோடயே வெட்டக் கத்துக்கினேன்."

வேடியப்பன் பாபினை மாட்டி மிதிக்க ஆரம்பித்தார். ஆதிலட்சுமி தரையில் கூடையைக் கவிழ்த்தாள். குசுமாவதி கையைக் கழுவிக்கொண்டு புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த சாந்திகுமார், தானாகவே போய் மிச்சக் குடங்களைத் தேய்த்தான்.

வேலூரில் போய் எழுதினாள். பயத்தோடயே எழுதினாள். மிஷின் கடைக்குத் திரும்பியது, அவளும் பழையபடி காலையில் பெஞ்சுக்கு வந்தாள். மாசியில் ரிசல்ட் வந்தது. சாந்திகுமார் சைக்கிளைக் கடை வாசலில் அப்படியே விழவிட்டு உள்ளே ஓடிவந்தான். "குசுமா! பாஸ்! ரெண்டு பேப்பரும்!"

அவள் வாத்தியாரைக் கட்டிப்பிடிக்கப் போய், சட்டென்று திரும்பி ஆதிலட்சுமியைக் கட்டிக்கொண்டாள். ஜோதியம்மாள் சர்க்கரை டப்பாவோடு வந்து கிடைத்த வாயிலெல்லாம் போட்டாள். வேடியப்பன் சந்தோஷத்தில் யாரோ ஒருத்தியின் துணியில் மூன்று கை வெட்டிவிட்டார். அதைத் தூக்கிக் காட்டி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு வேலை அவ்வளவுதான் என்று கடைக் கதவை இழுத்துச் சாத்தி, எல்லோரும் நடுத்தெருவில் நின்று கலர் சோடா குடித்தார்கள்.

கண்ணாயிரம் மட்டும் சோடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வாத்தியார் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் என்று நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்:

"வாத்தியாரே, எட்டாங்கிளாஸ் பரீட்சையை இந்த வயசுல எழுத விடுவாங்களா?"