செவ்வாய்க்கிழமைச் சூடு

எங்கள் ஊர் குளிர்ந்த ஊர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மே மாதத்தில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஆனால் என் ஆய்வு வழிகாட்டி முத்துநாயகம் சாரிடம் அப்படிப் பேச முடியாது. அவர் தரவு கேட்பார்.

கடற்கரை ஊர்களில் இரவுச் சூடு இருபது ஆண்டுகளில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. அரசு வானிலை நிலையம் எங்கள் மணலில் இல்லை. உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பழைய வெப்பநிலையைக் கணினி கணக்கிட்டுத் தருகிற தரவு இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் ஊர் விழுகிற கட்டத்தில் முக்கால்வாசி கடல். அதன்படி எங்கள் இரவுகளில் குளிர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. மீன்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

மிஞ்சியது ஒரே ஒரு பெட்டி. மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தின் வளாகத்தில், பழைய திட்டம் ஒன்றுக்காக எங்கள் கல்லூரி வைத்த வெள்ளை மரப்பெட்டி. உள்ளே இருக்கும் கருவி மணிக்கு ஒருமுறை காற்றின் சூட்டைப் பதியும். கல்லூரி ஆள் வருடத்துக்கு ஒருமுறை வந்து பதிவை எடுத்துப் போவார். எடுத்ததை யாரும் பார்த்ததில்லை.

நான் பார்த்தேன். 2017இல் வந்த அந்தப் பெரிய புயல்வரை எல்லாம் ஒழுங்கு. அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் மட்டும், சூடு குபீரென்று ஏறி இறங்குகிறது.

"கருவி கெட்டுப்போச்சு அபினா. அந்தப் பெட்டிய விட்டுரு. கட்டத் தரவே போதும்" என்றார் சார்.

"எல்லாமே செவ்வாய்க்கிழமை சார். கெட்டுப்போன கருவி கிழமை பாக்குமா?"

செவ்வாய் எங்கள் கடற்கரையில் புனித அந்தோணியாரின் நாள். அடுத்த செவ்வாய் சாயங்காலம் பள்ளிக்கூட வளாகத்துக்குப் போய் நின்றேன். பெட்டிக்கு அடியில், சிமெண்டு மேடைமேல் கையளவு அந்தோணியார் சுரூபம். முன்னால் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தது எங்கள் தெரு டெல்சி அக்கா. அவள் கணவர் சகாயம் அந்தப் புயலில் கடலுக்குப் போனவர்; வள்ளமும் திரும்பவில்லை. காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோணியார்.

"இஞ்ச வந்து ஏன்க்கா ஏத்துதிய?"

"வேற எங்கயும் காத்துக்குத் திரி நிக்காது மக்கா. இந்தப் பெட்டிக்கு அடியில நிக்கும்."

கல்லூரி ஆளும் இதைப் பார்த்திருப்பார். கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

விஷயத்தைச் சொன்னதும் சார் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. "திரியாலதான்னு நீ சொன்னா போதுமா? திரி ஏத்தாத ஒரு செவ்வாயக் காட்டு. அன்னைக்குச் சூடு ஏறலைன்னா ஒத்துக்கிடுதேன்."

டெல்சி அக்காவிடம் போனேன். "ஒரே ஒரு வாரம் ஏத்தாண்டாம்க்கா."

அவள் முகம் மாறிவிட்டது. "அண்ணைக்குப் பாத்து அவிய வந்தா? ஒனக்க படிப்புக்கு எனக்க ஆளயா பணயம் வச்சுப் பாக்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. இனி அவளிடம் கேட்க மாட்டேன். பெட்டியையும் விட மாட்டேன். புயலுக்குப் பிந்தைய செவ்வாய் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். காய்ச்சல், மழை, கிறிஸ்துமஸ் என்று ஒரு நாளாவது விட்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. கண் வலிக்கிற நேரத்தில்தான் கிடைத்தது: 2019 ஆகஸ்டில் ஒரு செவ்வாய். அன்று சாயங்காலம் சூடு ஏறவே இல்லை.

டெல்சி அக்கா முற்றத்தில் மீன்சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பது ஆகஸ்டுல ஒரு செவ்வாய் நீங்க திரி ஏத்தல. சரியா?"

சட்டியைக் கீழே வைத்தாள். "யாருட்டி ஒனக்குச் சொன்னா?"

"பெட்டியில இருக்குக்கா."

"அண்ணைக்குத்தான் அவிய செத்துட்டாவன்னு ஆபீசுல சர்டிபிகேட் தந்தானுவ. அந்தோணியார்கிட்ட பெணங்கிட்டு வந்து படுத்துட்டேன். அடுத்த வாரம் பொறுக்கல. போயி ஏத்திட்டேன்."

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் எழுந்து போக முடியவில்லை. அவளே என் கையைப் பிடித்தாள்.

"மக்கா, அத மட்டும் சரியாக்கிரு. அண்ணைக்கும் ஏத்தினதாப் போட்டுரு. அவிய அறிஞ்சா சங்கடப்படுவாவ."

"முடியாதுக்கா" என்றேன். அழுகை வந்தது, ஆனால் சொன்னேன். "அந்த ஒரு நாள மாத்திட்டா, மத்த செவ்வாயெல்லாம் நீங்க ஏத்தினதுக்குச் சாட்சி இல்லாம போயிரும். கருவி கெட்டுப்போச்சுன்னு எல்லாத்தையும் களஞ்சிருவாவ."

அவள் கையை எடுக்காமல் யோசித்தாள்.

"எல்லாமும் அதுல இருக்கா? ஒண்ணுவிடாம?"

"ஒண்ணுவிடாம இருக்கு."

"அப்போ அதுவும் கெடக்கட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடி சட்டியை எடுத்தாள்.