நாற்பது நாள் பத்தியம்

காமாலை என்ற சொல் விழுந்ததோடு பூங்காவனத்துக்குக் காது அடைத்துப்போயிற்று. அவள் புருஷன் அமிர்தலிங்கத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஒன்றரை வருஷம். வாரத்துக்கு மூன்று நாள் குன்னத்திலிருந்து பஸ் ஏறி, பெரம்பலூரில் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தார். அவர் ரத்தத்தில் காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் சி, இருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் மாத்திரை போட்டால் போய்விடும், முன்போலவே தினம் நாலு முட்டை வெள்ளைக்கரு கொடுங்கள் என்றும் சொன்னார். அவள் எங்கே அந்தப் பேச்சைக் கேட்டாள்? காமாலைக்காரனுக்கு முட்டையா! ஊரில் பச்சைப்பிள்ளைகூடச் சிரிக்கும்.

அன்றைக்கே எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்தாள். முட்டை, மீன், பருப்பு எதுவும் கிடையாது. வேளைக்கு உப்பில்லாத கஞ்சி, அவ்வளவுதான். அவருக்கு ஒன்று தனக்கு ஒன்றா என்று தானும் அதையே குடித்தாள். மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். திட்டுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நாற்பத்தோராம் நாள் அவரால் பஸ் படி ஏற முடியவில்லை. கண்டக்டர்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் லாவண்யா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, புரதம் அடியோடு இறங்கிப்போயிருக்கிறது என்றாள். மிஷினில் போடும்போதே கொஞ்சம் சத்து போய்விடும், அதைச் சாப்பாட்டில்தான் ஈடுகட்ட வேண்டும், காமாலைக் கிருமி இருந்தாலும் அப்படித்தான் என்றாள். பிறகு, கூட வந்திருந்த பூங்காவனத்திடம் குழம்பிப்போய்க் கேட்டாள்.

"வாரா வாரம் கேக்குறேங்க்கா. நாலு முட்டை திங்கிறேன்னுதானே அண்ணன் சொன்னாரு?"

பூங்காவனம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நாலு முட்டையை வேகவைத்து, வெள்ளைக்கருவை மசித்து ஊட்டினாள். குமட்டிக்கொண்டு வந்தது அவருக்கு. இன்னொரு வாய் கொடுத்தாள். அது கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

"ஏங்க அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொன்னீங்க? முட்டை இல்லாம முடியலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"எனக்காவ நீயும் உப்பில்லாமக் குடிச்சுக்கிட்டுக் கெடந்தியே புள்ள. உன் மூஞ்சியப் பாத்து எப்புடிக் கஞ்சி வேணாங்கிறது?"

யாரைத் திட்டுவது? அவரையா, தன்னையா? இன்னும் கொஞ்சம் மசித்து எடுத்து, ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினாள். அவளுக்காக வாயைத் திறந்தார். தொண்டையில் இறங்கவில்லை.