பூசணிக்காய்க்கு ஞானஸ்நானம்

இறையியல் கல்லூரியில் வழிபாட்டியல் பேராசிரியர் கலாநிதி செல்வரட்ணம் இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கற்பித்து வந்தார். அதற்கென்றே ஒரு பிளாஸ்ரிக் பொம்மை இருந்தது. அதன் தலையைத் தாங்காத மாணவனுக்குப் பத்துப் புள்ளி வெட்டு. டினேஸ் ஒருநாள் அதை நழுவவிட்டபோது, "சபையைத் தாங்கிறது இருக்கட்டும், முதல் உந்தப் பிள்ளையைத் தாங்கும்" என்று பேராசிரியர் சொன்னது கல்லூரியில் இன்றைக்கும் கதை.

அந்த டினேஸ்தான் இப்போது கோப்பாயில் போதகர். பேராசிரியருக்குப் போன் எடுத்தான்.

"சேர், எங்கடை பிள்ளைக்கு வாற ஞாயிறு நீங்கள்தான் ஞானஸ்நானம் குடுக்கவேணும். வகுப்புப் பெடியள் எல்லாரும் வருவினம். நீங்கள் பிள்ளையைப் பிடிக்கிற பிடியை நேரை பாக்கவேணுமாம்."

"ஓம், கட்டாயம்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தவர், ஞாயிறுக்கு எத்தனை நாள் இருக்கிறதென்று விரல்விட்டு எண்ணினார். குருப்பட்டம் பெற்ற கையோடு வகுப்பறைக்குப் போனவர் அவர். உயிருள்ள கைக்குழந்தையைத் தூக்கியதே இல்லை. மூத்தவன் பிறந்தபோது பெங்களூரில் படிப்பு, இளையவன் பிறந்தபோது ஸ்கொட்லாந்தில். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்தபோது பிள்ளை முற்றத்தில் ஓடித் திரிந்தது.

பொம்மையோ காற்றுப்போலப் பாரமில்லாதது. ஆகவே குசினியிலிருந்த பூசணிக்காயை எடுத்து இடது முழங்கையில் கிடத்தினார். மனைவி றஞ்சிதம் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன பேர் வைக்கிறியள்?"

"பகிடி விடாதையும்."

"பகிடி இல்லை. கறிக்கு வெட்டவேணும். முடிஞ்சால் தாங்கோ."

"ஞாயிறு வரைக்கும் தொடாதையும்."

ஞாயிறன்று முன்வரிசையில் பழைய மாணவர்கள் நால்வர். ஒருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். பேராசிரியர் குழந்தை ஞானஸ்நானத்தின் தத்துவத்தைப் பதினெட்டு நிமிடம் விளக்கினார். இழுக்க வேறொன்றும் இல்லாமற் போகவே, "பிள்ளையைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

டினேஸின் மனைவி ஜெயனி வெறுங்கையோடு எழுந்தாள். அவளுக்கு முன்னால், வெள்ளைச் சட்டையும் சப்பாத்துமாக ஒரு சிறுமி டக் டக்கென்று நடந்து வந்தாள்.

"ஞானத்தகப்பனா நிக்கிற மாமாவுக்குக் கனடாவிலை லீவு கிடைக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள் சேர்" என்று டினேஸ் காதுக்குள் சொன்னான். "மூண்டரை வருசம் ஓடிப்போட்டுது."

பேராசிரியர் விட்ட பெருமூச்சு ஒலிபெருக்கியில் புயலாகக் கேட்டது. சபையார் அதை ஜெபம் என்று நினைத்துத் தலை குனிந்தார்கள்.

சிறுமி தானே முக்காலியில் ஏறித் தலையை நீட்டினாள். "கனக்க ஊத்தாதேங்கோ. அம்மா இப்பதான் தலை இழுத்துப் பின்னிவிட்டவ."

மூன்று முறை, அளவாக, அழகாகத் தண்ணீர் விட்டார்.

"சேர், தூக்கேல்லையே?" என்று சாப்பாட்டின்போது போன்காரன் கேட்டான்.

"தன்ரை காலாலை வாற பிள்ளையைத் தூக்கக்கூடாது, தம்பி. அதுதான் வழிபாட்டியலின்ரை உச்சம்."

இன்னொருவன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

வீட்டு வாசலில் றஞ்சிதம் கேட்டாள். "விழுத்தினியளோ?"

"அவ நடந்து வந்தா" என்றார் அங்கியைக் கழற்றியபடி. பிறகு, மிகுந்த கருணையோடு, "இனிப் பூசணிக்காயை வெட்டும்."

அன்று பின்னேரம் இரண்டு தரம் கறி போட்டுச் சாப்பிட்டார்.