நாற்காலியா, டோக்கனா?

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருடமாக டோக்கன் கொடுக்கிறேன். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. முதலில் எழுதியது, காத்திருப்பவர்களின் பட்டியல். அதில் இரண்டாம் டோக்கனை நீக்கச் சொன்னால் மூன்றாம் டோக்கன் காணாமல் போனது.

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்யும் மகன் எட்டிப் பார்த்தான்.

"கம்ப்யூட்டர் சைபர்லேருந்து எண்ணும்மா. ஒண்ணைக் கழிச்சுக் குடு, சரியாயிடும்."

கழித்தேன். இரண்டு ஒழுங்காகப் போனது. அடுத்து மூன்றை நீக்கினால் நான்கு போனது.

"இது ஒட்டுப் போட்ட வேலைடா."

"நீ நகரும்மா, நான் பாக்கறேன்."

"கீபோர்டுல கை வச்சே, தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் ஒருவர் எழுந்து போனால் பின்னால் இருப்பவர்கள் ஒரு நாற்காலி முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். நான் நாற்காலியைப் பார்த்து யாரையும் உள்ளே அனுப்பியதில்லை, டோக்கனைப் பார்த்துத்தான் அனுப்புவேன். இந்தப் புரோகிராம் நாற்காலியைப் பார்க்கிறது.

பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். நீக்குவதற்கு 'ரிமூவ்' என்ற ஒரே பெயரில் இரண்டு மெத்தட், அதாவது இரண்டு கட்டளைகள், இருந்தன. வெறும் எண்ணைக் கொடுத்தால் ஒன்று வந்து அதை இடமாக எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணையே ஆப்ஜெக்டாக, அதாவது ஒரு தனிப் பொருளாக, மாற்றிக் கொடுத்தால்தான் மற்றது வந்து அந்த டோக்கனைத் தேடும். ஒரே ஒரு வரியை மாற்றினேன். பட்டியல் சொன்ன பேச்சைக் கேட்டது.

மகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வரிய எனக்கு அனுப்பும்மா. ஆபீஸ்ல நானும் ஒண்ணைக் கழிச்சுதான் வச்சிருக்கேன்."

அனுப்பினேன். அதன் தலையில் 'எழுதியது: அம்மா' என்று ஒரு குறிப்பும் போட்டு, அதை அழிக்கக் கூடாது என்றேன்.